பசை போட்டு ஒட்டிய பக்கங்கள்

போன மாதம் இந்தப் பகுதியில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். வளர்ந்து வரும் பிள்ளைகளின் ஆசை, பயம், உடம்பைப் பற்றிய குழப்பம், யார்மேல் மனம் போகிறது என்ற திகைப்பு, இதையெல்லாம் சொல்லும் கதைகள் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த நம் இலங்கை மலையகத்திலிருந்து ஏன் இவ்வளவு குறைவாக வருகின்றன என்று. நான்கு வரிதான் எழுதினேன். பதினெட்டுக் கடிதம் வந்துவிட்டது. பாதிக்கு மேல் பெயர் இல்லை. ஒன்று கொப்பித் தாளில் பென்சிலால் எழுதி, சோற்றுப் பருக்கையால் ஒட்டிய உறையில் வந்தது. எல்லாவற்றுக்கும் இங்கே இடம் போதாது. ஆறு கடிதங்களை எடுத்திருக்கிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன்.

கேள்வி: டியூஷன் பஸ்ஸில் தினமும் பார்க்கும் பையன் ஒருவன்மேல் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு மனம் போவதாக ஒரு கதை எழுதினேன். அவள் அவனோடு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கதையே அவ்வளவுதான். அண்ணன் கொப்பியை எடுத்துப் படித்துவிட்டு, "இது யாரு, நீதானே?" என்று கேட்டு அடுப்பில் போட்டுவிட்டான். இப்படி எழுதுவது தப்பா டீச்சர்?
(உயர்தர மாணவி, தலவாக்கலை)

பதில்: தப்பில்லை மகள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு என் கதை ஒன்றைக் கேள்.

1977இல் எனக்குப் பதினான்கு வயது. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டிலிருந்து, டவுன் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்ப் படித்தவள் நான். அங்கே நூலகம் என்றால் ஓர் அலுமாரி. அதில் முன்னட்டை போன ஒரு நாவல் கிடந்தது. நடுவில் நான்கு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மழை ஈரத்தில் ஒட்டியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். விரலால் தடவிப் பார்த்தால் ஓரம் முழுக்கக் கோதுமை மாப் பசை. யாரோ உட்கார்ந்து, பொறுமையாக, பிள்ளைகள் இதைப் படிக்கக் கூடாது என்று ஒட்டியிருக்கிறார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஆவியில் காட்டிக் காட்டி அந்தத் தாள்களைப் பிரித்தேன். சில வரிகள் தோல் உரிந்த மாதிரி எதிர்ப்பக்கத்தோடு போய்விட்டன. மீதியைப் படித்தேன். ஒரு பெண்பிள்ளை பாவாடையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, தான் சாகப் போகிறோம் என்று நினைக்கிறாள். தன் வளையல் பெட்டியை எடுத்துத் தங்கச்சியிடம் கொடுக்கிறாள். நான்கு தாளிலும் அதுதான் இருந்தது.

அதற்கு ஒரு வருடம் முன்னால் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நின்று நானும் அப்படித்தான் நினைத்தேன். வயிற்றில் ஏதோ அறுந்துவிட்டது, அம்மாவிடம் சொன்னால் அடி விழும் என்று நடுங்கிக்கொண்டு நின்றேன். அப்புறம் அத்தை பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இஸ்தோப்பு என்கிற முன்திண்ணையின் மூலையில் சாக்குக் கட்டி மறைத்து, குறுக்கே உலக்கையைப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுந்தங்களி எல்லாம் நேரத்துக்கு வந்தன. தாய்மாமன் சீர் வந்தது. ஆனால் எனக்கு என்ன நடந்தது என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. அந்த நான்கு தாள் ஒரு வருடம் முன்னால் என் கையில் கிடைத்திருந்தால் பீலியடியில் அப்படி நின்றிருக்க மாட்டேன். கதை என்ன செய்யும் என்று கேட்கிறவர்களிடம் எல்லாம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

இனி உன் அண்ணனின் கேள்விக்கு வருவோம். "இது யாரு?" என்று அவர் கேட்டதற்கு நம் மொழியில் மிகப் பழைய பதில் இருக்கிறது. அகத்திணைப் பாட்டில் யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதி வைத்திருக்கிறது. புறத்திணையில் பாரிக்குப் பெயர் உண்டு, அதியமானுக்குப் பெயர் உண்டு. குறுந்தொகையில் 401 பாட்டு இருக்கிறது. அத்தனையும் அகம். காதலிக்கிற பெண்ணின் பெயர் ஒரு பாட்டிலாவது உண்டா என்று தேடிப் பார். தலைவி, தலைவன், தோழி, செவிலி, அவ்வளவுதான். ஏன் இப்படி வைத்தார்கள்? பெயர் வெளியே வந்தால் அலர் கிளம்பும். ஊர் வாய் எப்படிப்பட்டது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. பெயரை மறைத்துவிட்டு மனசை முழுக்கத் திறந்து வைத்தார்கள். மனசைத் திறந்ததற்காக அந்தப் பெண் எந்தப் பாட்டிலும் கெட்டவள் ஆகவில்லை. வீட்டுக்குத் தெரியாத அன்பைக் களவு என்று பெயரிட்டு இலக்கணத்திலேயே இடம் கொடுத்த மொழி இது. அண்ணனுக்கு நேரம் இருந்தால் இதைச் சொல். உன்மேல் அவருக்கு இருப்பது கோபத்தைவிடப் பயம்தான் என்று எனக்குப் படுகிறது. தங்கச்சியைப் பற்றி லயத்தில் பேச்சு வந்துவிடுமோ என்ற பயம்.

எரிந்த கதையை மறுபடி எழுது. ஞாபகத்தில் நிற்காத வரிகள் போகட்டும், அவை போக வேண்டியவைதான். பஸ் நம்பரை மாற்று. டியூஷன் வகுப்பைத் தையல் வகுப்பாக்கு. அவள் பேசாமல் இருக்கிறாளே, அதை மட்டும் மாற்றாதே. கடைசியில் இரண்டு பேரையும் பேச வை என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதே.

கேள்வி: நான் கொழுந்து எடுக்கிறவள். மகள் எழுதித் தருகிறாள். மூத்தவனுக்குப் பதினாறு வயது. அவன் பையில் ஓர் இங்கிலீஷ் கதைப்புத்தகம் இருந்தது. ஒரு பையனுக்கு இன்னொரு பையன்மேல் மனம் போகிற கதை என்று மகள் வாசித்துச் சொல்கிறாள். எழுதினவர் பெயர் ஷியாம் செல்வதுரை என்று போட்டிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அவன் அப்பாவுக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும். புத்தகத்தை எரித்துவிடவா?
(ஒரு தாய், பொகவந்தலாவை)

பதில்: எரிக்காதீங்க தங்கச்சி. எடுத்த இடத்தில் எடுத்த மாதிரியே வைத்துவிடுங்கள். மகளே, நீ இதை அம்மாவுக்கு மெதுவாக வாசித்துக் காட்டு. வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில் வாசி.

முதலில் அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன், பயம் பாதி குறையும். ஷியாம் செல்வதுரை கொழும்பில் பிறந்தவர். அப்பா தமிழர், அம்மா சிங்களவர். 1983 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கனடாவுக்குப் போனார். 1994இல் ஃபன்னி போய் என்ற நாவலும், 2005இல் இளம் வாசகர்களுக்காக ஸ்விம்மிங் இன் த மொன்சூன் ஸீ என்ற நாவலும் எழுதினார். உங்கள் மகன் கையில் இருப்பது இரண்டில் ஒன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டாவது கதையில் அம்ரித் என்ற பதினான்கு வயதுப் பையன் வருகிறான். 1980ஆம் ஆண்டுக் கொழும்பு. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. அம்மாவின் சிநேகிதி வீட்டில் வளர்கிறான். கனடாவிலிருந்து ஓர் உறவுக்காரப் பையன் வருகிறான். அவன் மற்றவர்களோடு சிரித்துப் பேசினால் அம்ரித்துக்குத் தாங்க முடியவில்லை. ஏன் இப்படி இருக்கிறது என்று அந்தப் பிள்ளை தனக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பள்ளிக்கூடத்தில் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகம் போடுகிறார்கள், பொறாமையால் வீடு அழியும் கதை. அந்த நாடகத்தைப் பழகப் பழக அவனுக்குத் தன் மனம் விளங்கி வருகிறது. அசிங்கமாக ஒன்றும் இல்லை தங்கச்சி. தாயில்லாப் பிள்ளை ஒன்று தன்னைத்தானே விளங்கிக்கொள்கிற கதை, அவ்வளவுதான்.

இந்தக் கதையைப் படிக்கிற பிள்ளை எல்லாம் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சிநேகிதன் ஒருவனுக்காகப் படிக்கலாம். இங்கிலீஷ் பழகப் படிக்கலாம். தனக்காகவும் படிக்கலாம். தனக்காகத்தான் என்றால்? புத்தகத்திலிருந்து தொற்றிக்கொண்டது கிடையாது. நோயும் கிடையாது. உலகச் சுகாதார நிறுவனம் 1990 மே 17இல் தன்னுடைய நோய்ப் பட்டியலிலிருந்தே இதை எடுத்துவிட்டது. பூசாரியிடம் மந்திரிக்கவும், மாற்றித் தருகிறேன் என்கிற ஆட்களிடம் காசு கொடுக்கவும் தேவையே இல்லை. அதெல்லாம் பிள்ளையைத்தான் உடைக்கும்.

புத்தகத்தைப் பார்த்தேன் என்று அவனிடம் கேட்க வேண்டாம். அவன் தண்ணீர் ஊற்றி முகம் கழுவுகிற நேரமோ, நீங்கள் ரொட்டி சுடுகிற நேரமோ, முகத்துக்கு முகம் பார்க்காத ஒரு நேரம் வரும். அப்போது, "என்ன இருந்தாலும் அம்மாகிட்ட சொல்லலாம், நான் கோவிக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரொட்டியைத் திருப்பிப் போடுங்கள். அன்றைக்கே பதில் வராது. ஒரு வருடம்கூட ஆகலாம். அவனுடைய அப்பாவிடம் சொல்வதா இல்லையா என்பதை அவன்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்கள் முந்தக் கூடாது. பிள்ளை சாப்பிடாமல் தூங்காமல் சுருண்டு கிடந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது. பிள்ளையை யாராவது அடித்தாலோ வதைத்தாலோ, சிறுவர் பாதுகாப்புக்கு 1929.

கேள்வி: புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை. வயது 22. ஊர் மஸ்கெலியா. கடை மேல்மாடியில் படுக்கை, இரவில் கதை எழுதுகிறேன். மலையகக் கதை என்றால் துரை, கங்காணி, நிறுவை, சம்பளப் போராட்டம் என்றுதான் எழுதச் சொல்கிறார்கள். பதினான்கு வயதில் என் மனம் எப்படி இருந்தது என்று எழுதத்தான் எனக்கு ஆசை. அது மலையகக் கதை ஆகுமா? எங்கே தொடங்குவது?

பதில்: காம்பராவில் தொடங்குங்கள் தம்பி. பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஆறு பேர். பாட்டி அடுப்புப் பக்கம், அம்மாவும் சின்னப் பிள்ளைகளும் சுவர் ஓரம், அப்பா இஸ்தோப்பில். நகரத்துக் கதைகளில் பதினான்கு வயதுப் பிள்ளை அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறது. நம் பிள்ளைக்குச் சாத்த ஒரு கதவு இல்லை. டயறி எழுதினால் ஒளித்து வைக்க இடமில்லை. குரல் உடைவதை முழு லயமும் கேட்கும். உடுப்பு மாற்றப் போர்வைக்குள் புக வேண்டும். அடுத்த காம்பராவில் புருஷன் பெண்சாதி சண்டை போட்டால் சுவருக்கு மேலால் எல்லாம் வந்து விழும். பெரியவர்களின் வாழ்க்கை முழுவதையும் காதால் தெரிந்துகொண்டு, தன்னைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாமல் வளர்கிற பிள்ளை நம்முடையது. இதை யாரும் இன்னும் சரியாக எழுதவில்லை என்பது என் எண்ணம். துரையையும் சம்பளத்தையும் நீங்கள் தேடிப் போக வேண்டாம். அவை அந்தக் காம்பராவுக்குள்ளேயே இருக்கின்றன. அந்த அறை ஏன் அவ்வளவு சின்னது என்று கேட்டால் துரை வந்துவிடுவார்.

காம்பராவில் தனிமை இல்லாததால் நம் பிள்ளைகள் அதை வெளியே தேடிக்கொள்கிறார்கள். பீலிக்குக் குடம் எடுத்துப் போகிற பத்து நிமிடம். தேயிலைக்குள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் குறுக்குப் பாதை. மழைக்கு ஒதுங்கும் கொழுந்து மடுவம். இரண்டு பேர் ஒரே கம்பளிக்குள் நின்று மழை விடும்வரை ஒன்றும் பேசாமல் இருந்த நினைவு உங்களுக்கும் இருக்கும். அதை எழுதுங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது என் மனதில் நாற்பது வருடத்துக்கு மேலாகக் கிடக்கிறது. மாசி மாதம் காமன் கூத்து ஆடுகிறோமே, அது யாருடைய கூத்து? ஆசையின் தெய்வத்துக்குக் கம்பம் நட்டு, காப்புக் கட்டி, விரதம் இருந்து, தப்படித்து, ராத்திரி ராத்திரியாக லயத்து வாசலில் ஆடுகிற சனம் நாம். மதனும் ரதியும் ஜோடியாக ஆடுவதைப் பச்சைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறோம். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மதனை எரித்ததும், ரதியோடு சேர்ந்து கிழவிகள் மெய்யாகவே அழுகிறார்கள். அதே வாசலில் பதினைந்து வயதுப் பிள்ளை ஆசை என்று வாயைத் திறந்தால் விறகுக்கட்டை பறக்கிறது.

எங்கள் டிவிசனில் ரதி வேஷம் கட்டிய பையன் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே. அந்த நாளில் ரதிக்கும் ஆண்பிள்ளைதான் ஆடுவது. எங்கள் இஸ்தோப்பில் வைத்துத்தான் அத்தை அவனுக்கு வேஷம் கட்டுவார். என் அம்மாவின் கல்யாணச் சேலை அது. முகத்துக்கு அரிதாரம் பூசுகிறபோது அவன் கண்ணாடியைத் தன் கையில் பிடித்திருந்தான். கண்ணுக்கு நேரே பிடிக்காமல், லாம்பு வெளிச்சம் கன்னத்தில் விழுகிற மாதிரி, கொஞ்சம் சரித்துப் பிடித்திருந்தான். அத்தை கண்ணாடியைக் கேட்டபோது கொடுக்க மனம் வராமல் கொடுத்தான். பதினைந்து நாள் அவனைப் பெரியவர்களே கும்பிட்டார்கள். கூத்து முடிந்த அடுத்த நாள், காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் அதே ஆட்கள் "ஏய் ரதி" என்று விசிலடித்தார்கள். அது நிற்கவே இல்லை. ஒரு வருடத்துக்குள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான். கண்ணாடியில் அவன் என்ன பார்த்தான் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து லாம்பு பிடித்தவள் நான். நானும் கேட்கவில்லை.

கதைப்படி மதன் திரும்ப வருகிறான், ஆனால் உடம்பு இல்லாமல். ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான், மற்ற யாருக்கும் தெரிய மாட்டான். பதினான்கு வயதில் வருகிற ஆசையும் அப்படித்தானே தம்பி? அந்தப் பிள்ளைக்கு மட்டும் முழுசாகத் தெரிகிறது. பக்கத்தில் படுத்திருக்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நீங்கள் எழுதினால் எனக்கு அனுப்புங்கள், நான் வாசிக்கிறேன்.

கேள்வி: பள்ளி விடுதியில் இருக்கும் இரண்டு பெண்பிள்ளைகளின் சிநேகம் காதலாக மாறுவதைச் சிறுகதையாக எழுதினேன். அனுப்பிய இடத்தில் "சட்டப் பிரச்சினை வரும்" என்று திருப்பிவிட்டார்கள். உண்மையா? எதுவரை எழுதலாம்?
(சிறுகதை எழுதுபவர், கண்டி)

பதில்: நான் சட்டத்தரணி இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைத்தான் அவர்கள் மனதில் வைத்திருப்பார்கள். ஒரே பாலாரின் உடலுறவைக் குற்றமாக்கும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். 1995 திருத்தத்தில் 365அ பெண்களுக்கும் பொருந்தும்படி ஆனது. இந்தப் பிரிவுகளை மாற்றக் கொண்டுவரப்பட்ட தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தால் மட்டும் சட்டம் மாறிவிடவில்லை, பாராளுமன்றம்தான் மாற்ற வேண்டும். ஆனால் அந்தப் பிரிவுகள் செயலைப் பற்றியவை. ஒரு பிள்ளையின் மனதில் வரும் அன்பைக் கதையில் சொல்வதைப் பற்றியவை அல்ல. திருப்பி அனுப்பியவர்கள் கதையைப் பார்த்துப் பயந்தார்களா, தபாலில் வரக்கூடிய மொட்டைக் கடுதாசியை நினைத்துப் பயந்தார்களா என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

எதுவரை எழுதலாம் என்பதில் நான் கறார். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை ஆபாசமாகக் காட்டுவதைக் குற்றமாக்கும் 286அ பிரிவு 1995இல் சேர்ந்தது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். வளரும் பிள்ளையைப் பற்றி எழுதுகிற பெரியவருக்கு அந்தப் பிள்ளையின் உடம்பை வாசகர் கண்ணுக்கு விருந்தாக வைக்க உரிமை கிடையாது. படுக்கைக்கும் குளியலறைக்கும் கதையைக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை. பிள்ளையின் கண்ணுக்குள் உட்கார்ந்துகொள்ளுங்கள். அவள் என்ன பார்க்கிறாள், எதற்குப் பயப்படுகிறாள், எதை ஒளிக்கிறாள்? உங்கள் விடுதிக் கதையில் ஒருத்தி சோதனை அன்று மற்றவளிடம் பேனை கடன் வாங்குகிறாள் என்று வையுங்கள். மை முடிந்த பிறகும் அதைத் திருப்பிக் கொடுக்காமல் கணிதப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். கேட்டால் தொலைந்துவிட்டது என்கிறாள். வாசகருக்கு எல்லாம் விளங்கிவிடும்.

இன்னொரு ஆசை எனக்கு. இப்படியான கதைகளில் கடைசியில் ஒருத்தி செத்துப்போகிறாள், இல்லாவிட்டால் கல்யாணம் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் கதையில் இரண்டு பேரும் சாதாரண தரம் பாஸ் பண்ணட்டும்.

கேள்வி: சுகாதாரப் பாடத்தில் பருவமடைதல் பற்றிய பகுதியை "பிள்ளைகளே வீட்டில் வாசிக்கட்டும்" என்று சொல்லித் தாண்டச் சொல்கிறார்கள். நானும் தாண்டினேன். மனது உறுத்துகிறது. கதை மூலமாகச் சொல்லலாமா?
(இளம் ஆசிரியை, பண்டாரவளை)

பதில்: சொல்லலாம். ஆனால் கதையைப் பாடத்துக்குப் பதிலாக வைக்காதீர்கள், பாடத்தையும் நடத்துங்கள். பெண்பிள்ளைகளுக்கு எட்டிலிருந்து பதின்மூன்றுக்குள்ளும் ஆண்பிள்ளைகளுக்கு ஒன்பதிலிருந்து பதினான்குக்குள்ளும் மாற்றம் தொடங்கும் என்ற ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதினாலே வகுப்பில் பாதிப் பேர் மூச்சு விடுவார்கள்.

நான் வேலையில் இருந்தபோது ஒரு பால்மாப் பேணியின் மூடியில் கத்தியால் கீறல் போட்டு மேசையில் வைத்திருந்தேன். பெயர் எழுதாமல் கேள்வி போடலாம். எல்லாரும் ஏதாவது எழுதி மடித்துப் போட வேண்டும், கேள்வி இல்லாதவர்கள் வெறும் தாளையாவது போட வேண்டும். அப்போதுதான் யார் கேட்டது என்று தெரியாது. முதல் வாரம் முப்பத்தொரு வெறும் தாள். இரண்டாம் வாரம் ஒரு தாளில், "தெரியாமல் அந்த நாளில் கோயிலுக்குள் போய்விட்டேன், அம்மாவுக்கு ஏதும் ஆகுமா?" என்று இருந்தது. அதற்கு முந்தின வாரம் அந்தப் பிள்ளை எப்படித் தூங்கியிருக்கும்? அந்தக் கேள்வியையே ஒரு கதையாக்கி, பெயர் வைக்காமல், அடுத்த வகுப்பில் சொன்னேன். ஆண்பிள்ளைகளும் இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. பேணியை வையுங்கள் டீச்சர், வெறும் தாள் வந்தால் மனம் சோர்ந்துவிடாதீர்கள்.

கேள்வி: எனக்கு 13 வயது. வகுப்பில் என்னையும் இன்னொரு பிள்ளையையும் தவிர எல்லாரும் பெரிய பிள்ளை ஆகிட்டாங்க. எனக்கு ஏதும் வருத்தமா? யார்கிட்டயும் கேட்க ஏலாது. இந்த மாதிரி பிள்ளையைப் பத்தி கதை இருக்கா?
(பெயர் போட வேண்டாம், லிந்துலை)

பதில்: நோய் ஒன்றும் இல்லை செல்லம். ஒவ்வொரு உடம்புக்கும் ஒவ்வொரு நேரம். பதினைந்து வயதாகியும் வராவிட்டாலோ, பதின்மூன்று முடிந்தும் மார்பு வளரவே தொடங்காவிட்டாலோதான் டொக்டரிடம் காட்ட வேண்டும். உனக்கு இன்னும் நாள் கிடக்கிறது. மனம் கேட்காவிட்டால் தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் அக்காவிடம் கேள், அவர் யாரிடமும் சொல்ல மாட்டார்.

கதை இருக்கிறது. அமெரிக்காவில் ஜூடி புளூம் என்ற எழுத்தாளர் 1970இல் எழுதினார். அதில் மார்கரெட் என்று ஒரு பிள்ளை. அவளும் உன்னைப் போலவே காத்துக்கொண்டிருக்கிறாள். அடிக்கடி, "கடவுளே, இருக்கிறீங்களா, நான் மார்கரெட்" என்று தொடங்கித் தன் கவலையை எல்லாம் சொல்கிறாள். அவளுடைய சிநேகிதி நான்சி ஊருக்குப் போன இடத்திலிருந்து "எனக்கு வந்துவிட்டது" என்று தபாலட்டை போடுகிறாள். மார்கரெட் அழுகிறாள். பிறகு ஒருநாள் சாப்பாட்டுக் கடையில் நான்சிக்கு உண்மையாகவே முதல்முறை வருகிறது, அவள் பயந்து அழுகிறாள். அப்போதுதான் தெரிகிறது, அந்தத் தபாலட்டை பொய். உன் வகுப்பிலும் ஒன்றிரண்டு நான்சி இருக்கலாம்.

அந்தப் புத்தகத்தையும் பல ஊர்களில் நூலகத்தில் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சண்டை போட்டார்கள். என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. உனக்கு விளங்கும்படி முக்கியமான பக்கங்களைத் தமிழில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி எழுது, எந்த நூலகத்தில் வந்து எடுப்பது என்று சொல்லி அனுப்புகிறேன். பிரவுண் தாளில் உறை போட்டிருக்கிறேன், வெளியே பார்த்தால் கணிதக் கொப்பி மாதிரி இருக்கும். பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் ஒட்டவில்லை.